விஜயதசமியின் முதல் வேட்டு

கௌசிக்குக்குச் சத்தம் என்றாலே ஆகாது. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று வேடிக்கை பார்த்த வீரன் அவன். அப்பேர்ப்பட்டவன் முப்பத்தாறு வயதில் துப்பறிவாளர் யாமினியிடம் உதவியாளனாகச் சேர்ந்ததற்கு ஒரே காரணம், டெக்சஸ் ரிச்சர்ட்சனில் அவன் வேலை பார்த்த டெலிகாம் கம்பெனி ஒரு நல்ல நாளில் நானூறு பேரை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பியதுதான்.

பயம் வந்தால் அவனுக்கு ஜோக் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை காரில் ஏறியதிலிருந்து பதினோரு ஜோக் அடித்துவிட்டான். யாமினி ஒன்றுக்கும் சிரிக்கவில்லை.

"பாஸ், எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. நம்ம கந்தசாமி சாருக்கு பதிமூணு வருஷமா கிரீன் கார்டு வரல. ஆனா துப்பாக்கி மட்டும் மெயில்ல வீட்டுக்கே வந்துடுச்சாம். இது என்ன நாடு?"

"அது பழைய மாடல் நகல். வெடிமருந்தைக் குழாய் வாய் வழியாப் போட்டு இடிச்சுச் சுடற ஜாதி. இங்க அதுக்குப் பெரிய பேப்பர் வொர்க் கிடையாது" என்றாள் யாமினி. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் விபத்துகளைப் பதினைந்து வருடம் நோண்டிப் பார்த்தவள். அவளுக்குத் தெரியாத சாமானும் இல்லை, அவள் நம்புகிற மனிதரும் இல்லை.

விஷயம் இதுதான். மூன்று நாள் முன்னால் கந்தசாமி யாமினியின் ஆபீசுக்கு வந்தார். கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர், ஆஸ்பத்திரி வென்டிலேட்டருக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எஞ்சினீயர். அங்கே யாரோ டெஸ்ட் ரிப்போர்ட்டுகளைப் பொய்யாக எழுதியிருக்கிறார்கள், திங்கட்கிழமை மீட்டிங்கில் அதைப் போட்டு உடைக்கப்போகிறேன் என்றார். கூடவே தன் காரில் செருகியிருந்ததாக ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார். 'திங்கட்கிழமை உனக்கு வராது' என்று பிரிண்ட் பண்ணியிருந்தது.

நேற்று ஆயுத பூஜை. இன்று விடிந்ததும் அவரிடமிருந்து போன். ராத்திரி யாரோ பின் கதவு வழியாக வீட்டுக்குள் வந்து போயிருக்கிறார்கள். ஒன்றும் திருடு போகவில்லை.

"ஒண்ணும் எடுக்காம போன திருடன் ரொம்ப நல்லவன் பாஸ்" என்றான் கௌசிக்.

"எடுக்க வரலேன்னா வைக்க வந்திருக்கான். எதையோ வெச்சுட்டுப் போயிருக்கான். அது என்னன்னு கண்டுபிடிக்கணும்."

கௌசிக் அடுத்த ஜோக்கைத் தள்ளிவைத்துவிட்டு சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டான்.

கதவைத் திறந்தது கந்தசாமியின் மனைவி சாந்தி. நல்ல நாளும் அதுவுமாக ஜீன்ஸும் ஷூவும் போட்டிருந்தாள். நெற்றியில் மட்டும் பெரிய குங்குமம். ஹாலில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒரு மனைப் பலகை. அதில் மிக்ஸி, லேப்டாப், இரண்டு கார் சாவி, டிரில்லிங் மெஷின், எல்லாவற்றுக்கும் நடுவில் நாயகமாக அந்த இரட்டைக் குழாய்த் துப்பாக்கி. அதன் பக்கத்தில் ஒரு நீளமான மரக்கோல். எல்லாவற்றின் மேலும் பொட்டு.

"உட்காருங்க மேடம், காபி குடிக்கறீங்களா?" என்று வந்தார் கந்தசாமி. மனிதர் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. "பின் கதவைப் பார்த்துருங்க. அதுதான் முக்கியமுங்க."

"பார்க்கலாம். முதல்ல துப்பாக்கி."

"அது பூஜையில இருக்குதுங்க. தொடக் கூடாது."

"ஏங்க, காலையிலேயே மறுபூஜை முடிச்சாச்சே!" என்றாள் சாந்தி. "இனிமே எல்லாம் எடுக்கலாம். மேடம், பன்னெண்டு மணிக்கு நாங்க எல்லாரும் ஃப்ரெண்ட் ஒருத்தரோட துப்பாக்கி சுடற ரேஞ்சுக்குப் போறோம். வருஷா வருஷம் விஜயதசமிக்கு முதல் வேட்டு இவரு போடுவாரு. இந்த வருஷம் ஜெயபிரகாஷ் அண்ணன் போடறாரு. இவரேதான் விட்டுக் கொடுத்திருக்காரு."

ஜெயபிரகாஷ் கந்தசாமியின் நண்பர். அதே கம்பெனியில் அடுத்த சீட். அவரிடம் யாமினி நேற்று சாயங்காலம் போனில் அரைமணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று கௌசிக் கேட்டதற்கு, "அப்புறம் சொல்றேன்" என்று வாயைப் பூட்டிக்கொண்டாள்.

துப்பாக்கி என்று வந்ததும் கந்தசாமியின் முகம் மாறித்தான் போனது. பிள்ளையைத் தூக்குவதுபோல் பலகையிலிருந்து எடுத்தார். "எங்கூர்ல இதை நாட்டுத் துப்பாக்கின்னு சொல்லுவாங்க. இது இத்தாலியில பண்ணின நகல். பன்னெண்டு வருஷமா வெச்சிருக்கேன். ஒரு பொட்டுத் துரு காட்டுங்க பார்க்கலாம்! சுட்ட அன்னிக்கே கழுவிறணுமுங்க. கரி அப்படியே இருந்தா விடியறதுக்குள்ள இரும்பைத் தின்னுரும். சுடுதண்ணி, பாத்திரம் கழுவற சோப்பு. இந்தக் கோல்ல துணி சுத்தி அடி வரைக்கும் விட்டுத் தேய்ச்சு, காய வெச்சு, எண்ணெய் விடணும்."

"கடைசியா எப்பக் கழுவினீங்க?"

"நேத்துக் காலையில. பூஜைக்கு வைக்கிறதுக்கு முன்னாடி."

"எங்க அம்மா என்னைக்கூட இவ்வளவு அக்கறையாக் குளிப்பாட்டினதில்ல சார்" என்றான் கௌசிக், மூன்றடி தள்ளி நின்றபடி. "உள்ளே குண்டு இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்? தட்டிப் பார்ப்பீங்களா?"

"இந்தக் கோடு தெரியுதுங்களா?" கோலின் மேல்பக்கம் கருப்பு வளையமாக ஒரு கோடு. "கோலை உள்ளே விட்டா, காலிக் குழாய்ல இந்தக் கோடு வாயோட மட்டமா நிக்கும். மருந்தோ ஈய ரவையோ உள்ளே இருந்துச்சுன்னா கோல் அடியைத் தொடாது, கோடு மேல தூக்கி நிக்கும். இது தெரியாம சுடக் கூடாது." சொல்லிக்கொண்டே வலது குழாயில் கோலை விட்டார். டக் என்று நின்றது. கோடு வாயோடு அச்சாக மட்டமாக இருந்தது. "காலி!"

கௌசிக்குக்குத் தைரியம் வந்துவிட்டது. குனிந்து ஒற்றைக் கண்ணால் வலது குழாய்க்குள் எட்டிக்கூடப் பார்த்தான். இருட்டாக இருந்தது.

"கௌசிக், சார்கூடப் போய்ப் பின் கதவைப் பார்த்துட்டு வா. பூட்டை போட்டோ எடு, தோட்டத்துல கால் தடம் இருக்கான்னு பாரு. அவசரம் வேண்டாம்" என்றாள் யாமினி.

பின் கதவில் ஒரு கீறலும் இல்லை. புல்லில் தடமும் இல்லை. கந்தசாமி மட்டும், ராத்திரி இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டதையும், இறங்கி வந்தபோது கதவு திறந்து கிடந்ததையும், ஒரு சொல் மாறாமல் இரண்டு தடவை சொன்னார். கௌசிக் பதினாறு போட்டோ எடுத்தான். சமையலறைக் கதவின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபோது அது வெளுத்துப் போயிருந்தது. அந்த வீட்டில் ஏதோ சரியில்லை. அது என்னவென்று தெரியாததுதான் அவன் பயத்தைக் கூட்டியது.

திரும்பி வந்தால் யாமினி மனைப் பலகைக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் தீர்த்தச் சொம்பு, மறு கையில் உத்தரணி. சொம்பு காலி.

"பக்தி முத்திப்போச்சு பாஸ். ஒரு சொட்டு எங்களுக்கு வெச்சிருக்கலாம்ல?"

யாமினி அவனைப் பார்க்கவில்லை. "மிஸ்டர் கந்தசாமி, வலது குழாயை நீங்க காட்டினீங்க. இடது குழாயை இப்ப நான் காட்டறேன்."

கோலை இடது குழாய்க்குள் விட்டாள். அது இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. கருப்புக் கோடு வாயைத் தாண்டி உள்ளே மூழ்கிப்போனது. நாலு விரல் ஆழம் இருக்கும்.

"அய்யோ, இடது குழாய்ல ஏதோ கோளாறு!" என்றான் கௌசிக்.

"இல்லப்பா. இடதுதான் நல்லா இருக்கு. கோலைத்தான் யாரோ நாலு விரல் வெட்டியிருக்காங்க. வெட்டின கோல், காலிக் குழாய்ல நாலு விரல் உள்ளே போகுது. அதே கோல் வலது குழாய்ல மட்டமா நின்னுச்சுன்னா?"

கௌசிக் மனக்கணக்குப் போட்டான். விடை வந்ததும் இரண்டடி பின்னால் போனான். காலிக் குழாய் என்று அவன் கண்ணை வைத்துப் பார்த்தானே, அதன் அடியில் நாலு விரல் உயரத்துக்கு மருந்தும் ரவையும் இடித்து வைத்திருந்தது. "பாஸ்... நான் எட்டிப் பார்த்தேன்... என் கண்ணு..."

"ரெண்டு வேட்டு அளவு உள்ளே இருக்கு. ரேஞ்சுல எல்லார் முன்னாடியும் கோலை விட்டுக் காட்டி, காலின்னு நம்ப வெச்சு, அதுக்கு மேல இன்னொரு வேட்டைப் போட்டு இடிப்பாங்க. முதல் வேட்டு போடறவர் முகத்துக்குப் பக்கத்திலேயே குழாய் வெடிச்சிருக்கும்."

சாந்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். கந்தசாமி வியர்வையைத் துடைத்தார். "பார்த்தீங்களா! அதுக்குத்தான் ராத்திரி வந்திருக்கான்! என்னைத் தீர்த்துக்கட்ட வெச்ச பொறிங்க இது. இந்த வருஷம் ஜெயபிரகாஷ் சுடறான்னு ராத்திரி வந்தவனுக்குத் தெரியாது. நல்லவேளை, நீங்க வந்தீங்க!"

"ஆமா, நல்லவேளை" என்றாள் யாமினி. "சாந்தி, பொட்டு வெச்சது நீங்கதானே? கோலுக்கு எங்கே எங்கே வெச்சீங்க?"

"ரெண்டு முனையிலேயும் மேடம். நான் எதுக்குமே அப்படித்தான் வைப்பேன். பாதியில சந்தனம் தீர்ந்துபோச்சு. மீதிக்குக் கொஞ்சம் மஞ்சள் கலந்துக்கிட்டேன்."

யாமினி கோலைத் திருப்பினாள். அடி முனையிலும் பொட்டு இருந்தது. துப்பாக்கியின் கட்டையில் இருந்த அதே மஞ்சள் கலந்த சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து வெடித்திருந்தது. அவள் நகத்தால் சுரண்டினாள். பன்னிரண்டு வருட எண்ணெய் குடித்துக் கோல் முழுக்கக் கருத்திருந்தது. பொட்டுக்குக் கீழே மட்டும் மரம் புத்தம் புதிதாக வெளுத்திருந்தது.

"வெட்டின முனை மேலதான் நேத்துப் பொட்டு வெச்சிருக்காங்க. அப்படீன்னா கோலை வெட்டினது பூஜைக்கு முன்னாடி. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தவனுக்கு இங்கே வேலையே இல்லை."

"அவனே பொட்டு வெச்சிருக்கலாமே பாஸ்?" என்றான் கௌசிக். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"சந்தனம் தீர்ந்து மஞ்சள் கலந்தது இந்த வீட்டு அம்மாவுக்கு மட்டும்தானே தெரியும்? இருட்டுல வந்த திருடன் அதே கலவையை அரைச்சுப் பொட்டும் வெச்சுட்டுப் போனான்னா, அவனை வருஷா வருஷம் பூஜைக்குக் கூப்பிடலாம். சாந்தி, நேத்து இதை உங்க கையில கொடுத்தது யாரு?"

சாந்தி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "இவருதான். கராஜ்ல கதவைச் சாத்திட்டுக் கழுவினாரு. அங்கேருந்து நேரா எடுத்துட்டு வந்து என் கையில கொடுத்தாரு. வேற யாரும் தொடல."

"இந்தக் கோல்ல துணி சுத்தித்தான் அடி வரைக்கும் தேய்க்கிறவரு. நாலு விரல் குறைஞ்சா அவர் கைக்குத் தெரியாதா?" யாமினி கோலைப் பலகையில் வைத்தாள். "நேத்து ஜெயபிரகாஷ்கிட்டப் பேசினேன் மிஸ்டர் கந்தசாமி. பொய் ரிப்போர்ட்டைக் கண்டுபிடிச்சது நீங்க இல்ல, அவரு. அதுல கையெழுத்துப் போட்டதுதான் நீங்க. 'அண்ணன் தானே ஒத்துக்கட்டும்னு திங்கட்கிழமை வரைக்கும் டைம் கொடுத்திருக்கேன்'னு என்கிட்டச் சொன்னாரு. உங்க மேல அவ்வளவு மரியாதை அவருக்கு. கார்ச் சீட்டும் ராத்திரித் திருடனும், குறி நீங்கதான்னு எங்களைச் சாட்சி சொல்ல வைக்க நீங்களே ஜோடிச்சது."

அதற்குள் கந்தசாமி துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். சட்டைப் பையிலிருந்த தகர டப்பியைத் திறந்து, பழகிய விரலால் மருந்தைப் பற்றவைக்கும் கேப் ஒன்றை எடுத்து வலது பக்கம் பொருத்தி, துப்பாக்கியின் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தார். எல்லாம் நாலு நொடி. வாசலுக்குப் போகும் வழியில் நின்றிருந்தவன் கௌசிக்.

"வழியை விடு தம்பி. இதைக் கொண்டுபோய் லேக்ல போட்டுட்டு வந்துடறேன். அவ்வளவுதான். நீ ஒதுங்கு."

ஒதுங்கத்தான் கௌசிக்குக்கு ஆசை. உடம்பு கேட்கவில்லை. சற்றுமுன் அவன் எட்டிப் பார்த்த அதே கருப்பு வட்டம் இப்போது அவன் நெஞ்சுக்கு நேராக இருந்தது. ஜோக் எதுவும் வரவில்லை. அம்மா ஞாபகம்தான் வந்தது. பயந்தான், வெட்கமே இல்லாமல் பயந்தான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏங்க! வேண்டாங்க!" என்று சாந்தி பாய்ந்து அவர் முழங்கையைப் பிடித்தாள்.

சுத்தியல் விழுந்தது.

பட்!

பொட்டு வெடி அளவுக்கு ஒரு சத்தம். கொஞ்சம் புகை. கௌசிக் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தான். ஓட்டை எதுவும் இல்லை.

"யாரும் அசையாதீங்க!" யாமினியின் குரல் சுவரில் மோதித் திரும்பியது. "கேப் வெடிச்சிருக்கு. மருந்து சில சமயம் லேட்டாப் பத்தும். வாயை மேலே தூக்குங்க மிஸ்டர் கந்தசாமி. உங்களுக்குத் தெரியும். ஒரு நிமிஷம்."

அவருக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம் அவர் கைகளைத் தானாக உயர்த்தியது. குழாய் கூரையைப் பார்த்தது. கௌசிக் உதட்டை மட்டும் அசைத்து எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் வாழ்நாளிலேயே நீளமான நிமிடம் அது. முப்பதில் மூச்சுவிட மறந்துபோனது. நாற்பத்தைந்தில் சாந்தி விசும்பினாள். அறுபது. ஒன்றும் நடக்கவில்லை.

யாமினி போய்த் துப்பாக்கியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"தீர்த்தம்" என்றாள் அவள், கௌசிக்கைப் பார்த்து. "கேப் மாட்டற ஓட்டை வழியா ஒவ்வொரு சொட்டா விட்டேன். மீதியைக் குழாய்ல ஊத்தினேன். நனைஞ்ச மருந்து பத்தாது."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாஸ்!"

"நூத்துக்குத் தொண்ணூறுதான் நிச்சயம். மீதிப் பத்தைச் சொன்னா நீ மயங்கி விழுந்திருப்பே."

"இப்பவும் விழத்தான் போறேன்" என்று கௌசிக் சோபாவின் கைப்பிடியில் சாய்ந்தான். போலீசுக்கு 911-ஐ அழுத்தி, அட்ரஸ் சொன்னான். தன் பெயரைத் தப்பாகச் சொல்லி, திருத்தி, மறுபடி தப்பாகச் சொன்னான்.

கந்தசாமிக்கு இப்போது குரல் திரும்பியிருந்தது. "எதுக்குங்க போலீஸ்? பதட்டத்துல துப்பாக்கியைத் தூக்கிட்டேன், அவ்வளவுதான். நான் எதையும் வெட்டல. யாரோ செஞ்சதுக்கு நான் எப்படிப் பொறுப்பு? உங்ககிட்ட இருக்கறது ஒரு சந்தனப் பொட்டு. டெக்சஸ் கோர்ட்டுல போய்ப் பொட்டைக் காட்டுவீங்களா?"

அதில் நியாயம் இருந்தது.

அப்போதுதான் சாந்தியின் போன் அடித்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவள் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாந்தி அக்கா, கிளம்பியாச்சா?" ஜெயபிரகாஷின் உற்சாகக் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "கண்ணாடியும் காதுக்கு அடைப்பானும் உங்களுக்கு எக்ஸ்ட்ராவா எடுத்து வெச்சுட்டேன். அண்ணனுக்கு இன்னும் தெரியாதுல்ல? கடைசி நிமிஷம் வரைக்கும் சொல்லிடாதீங்க!"

"அப்புறம் கூப்பிடறேன் அண்ணா" என்று சாந்தி போனை வைத்தாள்.

"என்ன தெரியாது?" என்று கேட்டார் கந்தசாமி. "எனக்கு என்ன தெரியாது?"

சாந்தி தன் ஷூவைப் பார்த்தபடி பேசினாள். "ஜெயபிரகாஷ் அண்ணன் போன வாரமே என்கிட்டச் சொல்லிட்டாரு. 'இத்தனை வருஷமா அண்ணன் சுடறாரு, அக்கா பூஜைக்குப் பொட்டு மட்டும் வைக்கறாங்க. இந்தத் தடவை முதல் வேட்டு நீங்க போடுங்க, அண்ணன் அசந்து போவாரு'ன்னாரு. யூட்யூப் பார்த்து எப்படித் தோள்ல வைக்கறதுன்னு கத்துக்கிட்டேன். நான்தாங்க சுடறதா இருந்தேன்."

கந்தசாமி பாய்ந்து எழுந்தார். "நீ ஏண்டி அதைத் தொடறே! உன்னை யாரு தொடச் சொன்னா! நான் அவனுக்குத்தானே வெச்சேன்!"

911-ல் அந்தப் பக்கம் ஒரு பெண் "சார், ஆர் யூ தேர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். யாமினி கண்ணை மூடித் திறந்தாள். சந்தனப் பொட்டுக்கு அவர் வாய்ச்சொல்லே சாட்சியாக வந்துவிட்டது. ஆனால் சாந்தியின் முகத்தைப் பார்த்த கௌசிக்குக்கு ஜெயித்ததாகத் தோன்றவில்லை. துப்பாக்கி நெஞ்சுக்கு நேராக நின்றபோது வந்த பயத்தைவிட மோசமான ஒன்று இப்போது அவன் முதுகில் ஏறியது.

சாந்தி அழவில்லை. கணவர் எதிரே போய் நின்றாள்.

"அங்கே எல்லார் முன்னாடியும் நான் அதை வாங்கித் தோள்ல வெச்சிருப்பேன். நீங்க பத்தடி தள்ளி நின்னு பார்த்துட்டு இருந்திருப்பீங்க. நிறுத்தினா நீங்க மாட்டிக்குவீங்க. நிறுத்தலேன்னா நான் இல்ல." அவள் குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "சொல்லுங்க. என்னை நிறுத்தியிருப்பீங்களா?"

கந்தசாமி அவளைப் பார்த்தார். பலகையில் கிடந்த கோலைப் பார்த்தார். எங்கோ தூரத்தில் சைரன் கேட்டது. கௌசிக் தன்னையறியாமல் மறுபடி எண்ண ஆரம்பித்திருந்தான். பத்து, இருபது, முப்பது. ஆமாம் என்று சொல்லிவிடுங்க சார், பொய்யாகவாவது சொல்லிவிடுங்க என்று அவன் மனசு கெஞ்சியது.

அறுபது வந்தது. கந்தசாமி வாயைத் திறக்கவில்லை.